நாற்பது கிலோமீட்டர் பற்றி ஒரு நேயர் கருத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் வருகிற 'நாலு சக்கரம்' என்ற கார் நிகழ்ச்சியில், கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் ஏற்றி வைத்திருக்கிற விக்ராந்த் என்ற பையன், மதுரையிலிருந்து எங்கள் ஊர் ஆவரம்புரம் வரைக்கும் நாலுவழிச் சாலையில் ஒரு புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, ஊர் எல்லையில் இறங்கி, கதவைச் சாத்தி, அது சாத்துகிற சத்தத்தைக் கச்சேரி கேட்பவன் மாதிரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கடைசி நாற்பது கிலோமீட்டர் இருந்ததாவே தெரியலைங்க" என்று சொன்னான். சொன்ன வாயை அவன் மூடுவதற்குள் அந்த நாற்பது கிலோமீட்டர் அங்கே இல்லாமல் போயிற்று. அங்கே இல்லாமல் போனது எங்கள் தெருவில் வந்து விழுந்தது.

காரின் பெயரை எழுத மாட்டேன். அவர்களுக்கு விளம்பரம் செய்ய அவர்களிடமே ஆள் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பழைய மில் தெரு என்று பெயர். ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறு முனையில் பூட்டிக் கிடக்கிற பஞ்சாலையின் இரும்புக் கதவு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பீடி பற்றவைத்தால் அணைவதற்குள் நடந்துவிடக்கூடிய தெரு. தூரம் வந்து விழுந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் மில் கதவுப் பக்கம் இருக்கிற பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துப் படிப்பகத்தில் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், கார் வாங்குகிற யோசனையில் அல்ல, சத்தம் இல்லாமல் ஓடுகிற ஒன்றைப் பார்ப்பது நூற்பு இயந்திரங்களோடு காலம் கழித்த காதுகளுக்கு இதமாக இருந்தது என்பதால். எதுவும் அதிரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தபோது தெருவின் பாதிக்கு மேல் காணவில்லை, அவ்வளவுதான். என் பழைய தோழன் இருளப்பன் வீடு வரைக்கும் வீடுகள் இருந்தன. அதற்கு அடுத்தாற்போல் மாவு மில் இருக்க வேண்டிய இடத்தில் கரிசல் பொட்டலும் வேலிக்கருவையும் கானலுமாக ஒரு தூரம் கிடந்தது.

இருளப்பனின் சம்சாரம் கோட்டையம்மா அன்று காலையில் மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தது மறுநாள் சாயங்காலம். தலையில் தூக்குவாளி, காலில் கொப்புளம், சேலைத் தலைப்பெல்லாம் புழுதி. வாசலில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்து, "தெரு நீண்டுபோச்சு. சோறு வச்சீகளா, இல்ல அதுக்கும் நாந்தான் வரணுமா?" என்று கேட்டாள். தெரு நீண்டது பற்றி எங்கள் பக்கத்தில் முதலில் நடந்த பேச்சு இதுதான்.

ஏன் எங்கள் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரின் குப்பை எங்கள் தெருவின் வாலில்தான் கொட்டப்படுகிறது. கோழிப் பண்ணையில் செத்த கோழிகளை மில் சுவருக்குப் பின்னால்தான் வந்து வீசுகிறார்கள். கல்யாண மண்டபத்து எச்சில் இலைகளுக்கும் எங்கள் வழிதான் தெரியும். ஓர் இடத்திலிருந்து எடுத்ததை இன்னோர் இடத்தில் கொட்டியாக வேண்டும் என்பதும், கொட்டுகிற இடம் எது என்பது ரொம்ப நாளைக்கு முன்பே முடிவாகிவிட்டது என்பதும் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஊர் இது. நான் இதைத் துண்டறிக்கைகளில் ஐம்பது வருஷமாக எழுதி வருகிறேன். துண்டறிக்கைதான் எனக்குப் பள்ளிக்கூடம். எழுத்துக் கூட்டி வாசித்ததும் அதில்தான், எழுதப் பழகியதும் அதில்தான். அரியநாயகம் எழுதினால் அரசாங்கம் படிக்கும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். படித்தது உண்மைதான். படித்துவிட்டு என்னை ஜெயிலில் போட்டது.

வந்தது தூரம் மட்டும்தான். தார் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே எங்கள் தெருவில் ஏற்கெனவே இருந்த கொஞ்சம் தாரே நாற்பது கிலோமீட்டருக்கும் இழுபட்டு, தோசைக்கல்லில் தடவின எண்ணெய் மாதிரி மினுக்கு மினுக்கென்று போய், பாதி வழியில் அதுவும் தீர்ந்தது. தெருவிளக்குகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நின்றன. காலையில் திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர் சூரியன் சாய்கிற நேரத்துக்கு, வெந்நீராகி, எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வந்தார்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்தவர்கள் வெளித்தெருக்காரர்கள் ஆனார்கள், மில் கதவுப் பக்கம் இருந்த நாங்கள் உள்தெருக்காரர்கள் ஆனோம். வெளித்தெருவில் ஒருத்தியோடு சண்டை போட வேண்டும் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. போய்ச் சேருவதற்குள் சண்டை ஆறிப்போய், கிளம்பினவள் அந்த வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினாள். பழைய மில் தெருவில் புகார்கள் குறைந்துவிட்டதை ஓர் அதிகாரி தன் சாதனையாகக் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்வி. சுடுகாடு மில்லுக்குப் பின்னால் எங்கள் பக்கத்தில் இருந்தபடியால் வெளித்தெருக் கிழவர்கள் சாவதை ஒத்திப் போட்டார்கள்.

இப்படி ஒரு மழைக்காலம் போயிற்று. அதற்குள் உள்தெருவுக்கும் வெளித்தெருவுக்கும் இடையே கிடந்த நடுத்தூரத்தில் ஆள் குடியேறியிருந்தது.

அவர்கள் செங்கல் சூளைக்காரர்கள். சூளை மூடிப்போய், போக இடம் இல்லாமல், நண்டும் சிண்டுமாக நடந்து வந்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் தெருவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் உரிமை கொண்டாடாத இத்தனை நிலத்தை அவர்கள் ஆயுளில் பார்த்ததில்லை. பனை ஓலையும் பழைய பிளெக்ஸ் தட்டியுமாகக் குடிசைகள் எழும்பின. மாவு மில்லை ஒட்டி முதல் குடிசை, பிறகு வழி நெடுகக் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக, எங்கள் பக்கம் வரைக்கும். கிராம நிர்வாக அலுவலர் வந்து வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். வரைபடத்தில் மாவு மில்லும் இருளப்பன் வீடும் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டிருந்தன. "இல்லாத நிலத்துல இருக்கிறவங்களை நான் எப்படிங்க காலி பண்ணச் சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். இந்த நாட்டில் யாராலும் அப்புறப்படுத்த முடியாத குடிசைகள் அவை மட்டும்தான்.

வீட்டுமனைப் பட்டா கேட்டு நான் எத்தனை மறியல் நடத்தியிருப்பேன், எத்தனை தாலுகா அலுவலக வாசலில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். ஒருவனுக்கு, ஒரே ஒருவனுக்கு, ஒரு சென்ட் நிலம் வாங்கிக் கொடுத்ததாக என் வரலாற்றில் இல்லை. தலையில் கண்ணாடி வைத்த ஒரு பையன் வாய்க்கு வந்ததைச் சொல்லி அத்தனை குடும்பத்துக்கும் மனை கொடுத்துவிட்டான். அவனுக்கே அது தெரியாது.

ஆனால் இருளப்பன் செத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தரம் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தப்படுத்தியாக வேண்டும். முன்பு என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, தலையங்கத்தில் எழுதியிருப்பதற்கு எதிராகவும் அதைப் பற்றி நான் சொன்னதற்கு எதிராகவும் பேசிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுவான். இப்போது அவனை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, பொட்டலிலும் பள்ளத்திலும் கொண்டுபோனோம். ரத்தம் சுத்தமாகித் திரும்புகிறவன் வீட்டு வாசலில் பிணம் மாதிரி இறங்கினான். ஒரு நாள் பாதி வழியில் மயங்கிச் சரிந்து விழுந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரும். அதற்கு மேல் டிரைவர் வர மாட்டார். "பெரியவரே, ரெக்கார்டுல உங்க தெரு இருநூறு மீட்டர். அதுக்குத்தான் டீசல். மீதிக்கு நான் யார்கிட்டக் கணக்குச் சொல்ல?" என்பார். பாவம், அவரும் தொழிலாளிதான். "இனி இவரை வண்டியில ஏத்தாதீங்க, ஆஸ்பத்திரிப் பக்கம் குடிவந்துருங்க" என்று டாக்டர் சொன்னார். கோட்டையம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். கிட்னிக்காரனுக்கு வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை.

போராட்டத்தைத் தொடங்கினேன். 'எடுத்த தூரத்தை எடுத்த இடத்தில் வை!' என்று துண்டறிக்கை போட்டேன். ஆர்ப்பாட்டம் நடத்தினோம், எங்கள் பக்கத்து ஆட்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது காவல் துறை அனுமதித்த நேரம் முடிந்திருந்தது. மனு கொடுத்தோம். நெடுஞ்சாலைத் துறையில், சாலையில் இல்லாத தூரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். நகராட்சியில், நாற்பது கிலோமீட்டர் என்றால் அது நெடுஞ்சாலைத் துறை விஷயம் என்றார்கள்.

கடைசியில் ஒரு வாசல்தான் மிச்சம் இருந்தது. 'நாலு சக்கரம்' முடிகிற நேரத்தில் நேயர் கருத்து என்று ஒரு பகுதி வரும். சொன்னவன் வாயாலேயே சொன்னதைத் திரும்ப வாங்க வைப்பது என்று பொதுக்குழுவில் முடிவாயிற்று. கருத்தை நான் எழுதினேன். எழுதியதைப் படிப்பகத்தில் வாசித்தேன். ஒருவர் 'கண்டிக்கிறோம்' என்பதற்குப் பதிலாக 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' வேண்டும் என்றார். இன்னொருவர் முதலில் காரைப் பாராட்டி ஒரு வரி போட்டால்தான் வாசிப்பான் என்றார். சாயங்காலம் வரைக்கும் விவாதம் நடந்தது.

"அண்ணே, எம் புருசன் பேரு அதுல இருக்கா?" என்றாள் கோட்டையம்மா.

"தனிநபர் பேரு போடக்கூடாதும்மா. பொதுப் பிரச்சினை."

"சரி. பொதுப் பிரச்சினைக்கு நாளைக்கழிச்சு ஆஸ்பத்திரி போகணும். யாரு வண்டி?"

எங்கள் துண்டறிக்கைகளுக்கு ஒரு முடிவுரை உண்டு. சவாலில் முடிக்க வேண்டும். மில் முதலாளிக்குச் சவால், மந்திரிக்குச் சவால். துணிவிருந்தால் வா, மேடைக்கு வா, மக்கள் மன்றத்துக்கு வா. யாரும் வந்ததில்லை. வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது எழுதப்படுகிறது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கருத்தின் கடைசியிலும், "துணிவிருந்தால் உமது காரை எங்கள் தெருவில் ஓட்டிக் காட்டும்! ஓட்டிவிட்டு, இந்த நாற்பதும் இருந்ததாகத் தெரியவில்லை என்று சொல்லும் பார்க்கலாம்!" என்று எழுதிவிட்டேன். அனுப்பிவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்ராந்த் அதைத் திரையில் வாசித்தான். பாதியை விட்டுவிட்டான், சவாலை விடவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "அரியநாயகம் சார், சவால் ஏத்துக்கிட்டோம். வர்ற ஞாயிறு கொடியோட ரெடியா இருங்க. உங்க தெருவே இருந்ததாத் தெரியாத மாதிரி ஓட்டுறோம்" என்றான்.

படிப்பகத்தில் கைதட்டல் எழுந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, என் ஆயுளில் ஒருவன் முதல்முறையாக என் சவாலை ஏற்றிருக்கிறான். அவன் வந்து ஓட்டி, வாயைத் திறந்து அந்த வாக்கியத்தைச் சொன்னால், தெருவிலிருந்து தூரம் போய்விடும். மாவு மில்லும் இருளப்பன் வீடும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். உள்தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள்.

நான்காம் நாள் நடுத்தூரத்திலிருந்து மாரிக்கனி வந்தாள். சூளையில் கல் அறுத்த கைக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், பின்னால் நாலைந்து பெண்கள். படிப்பகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, அந்தத் தம்பி வந்து சொன்னா தூரம் போயிருமாமே."

"போயிரும்."

"எங்க போவும்?"

ஒருவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"சாலையில இருந்து எடுத்தாக, இங்க விழுந்துச்சு. இங்க இருந்து எடுத்தா வேற எங்கயாச்சும் விழும்ல? நாங்க அதுக்குள்ளயில்ல குடியிருக்கோம். அடுப்பு இருக்கு, ஆடு இருக்கு, பச்சப்பிள்ளைக இருக்கு. தூரத்தோட சேத்து எங்களையும் தூக்கிட்டுப்போயி எங்க போடுவாக? கடல்ல விழுந்தா? இல்ல, எங்களை மாதிரி வேற எவ வீட்டு வாசல்லயாச்சும் விழுந்தா, அவ என்ன பண்ணுவா?"

ஒருவர் எழுந்து, நிலம் சட்டப்படி அவர்களுடையது அல்ல என்றார். அது யாருடையதும் அல்ல என்று மாரிக்கனி சொன்னாள். இன்னொருவர், இங்கே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றார். "எங்க பக்கம் உசிருன்னு ஒண்ணும் இல்லையாக்கும்?" என்று பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள். கோட்டையம்மா மட்டும் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மரபுப்படி வாக்கெடுப்புக்கு விட்டேன். நடுத்தூரத்துக்காரர்கள் சங்க உறுப்பினர்கள் அல்ல, அவர்களுக்கு வாக்கு இல்லை. கார் ஓடட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஞாயிறு காலை பஸ் நிறுத்தத்தில் நின்று கொடியசைக்க என்னை அனுப்புவது என்றும் அதிலேயே சேர்த்தார்கள்.

மாரிக்கனி செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க அய்யா. வழியில நம்ம வீடு இருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். அது மரியாதையா குத்தலா என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்கள். நடந்து போவதுதான் போராட்ட மரபு என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அந்தத் தூரத்தை நான் அதுவரை ஒருமுறைகூட முழுசாக நடந்ததில்லை. வண்டியில் இருளப்பனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போனவன் நான். நடந்தபோதுதான் பார்த்தேன். 'மதுரை 31' என்று எழுதின மைல்கல் தலைகீழாக விழுந்து கிடந்தது. அதில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குடிசை வாசலில் முருங்கைக் குச்சி ஊன்றித் துளிர்விட்டிருந்தது. ஒரு கிழவர் தன் வாசல் இன்னது என்று காட்டுவதற்காக, யாரும் கேட்காமலே, இரண்டு செங்கல்லை நட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நான் கொடியோடு போவதைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் மூட்டைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு, மாவு மில் கண்ணுக்குத் தெரிகிற தொலைவில் இருந்த மாரிக்கனியின் குடிசைக்கு வந்தேன். என் கால்களைப் பார்த்துவிட்டுச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கம்பங்கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள்.

"அந்த நோயாளி அய்யா உங்களுக்குச் சொந்தமா?"

"தோழர்."

"சொந்தத்தை விடக் கூடவா, கொறச்சலா?"

"ஜெயில்ல ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம்."

"அப்பக் கூடத்தான்." கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினாள். "அவரை ஏன் அந்தக் கோடியிலயே வச்சிருக்கீக? மாவு மில்லு ஓரத்துல மொதக் குடிசை எந்தம்பியோடது. அவனை எங்கூட வரச்சொல்லிட்டேன். அந்த அய்யாவும் அம்மாவும் அங்க வந்து இருக்கட்டும். எந்திரிச்சு நாலு எட்டு வச்சா பஸ்ஸு."

எனக்குக் கோபம் வந்தது. "அது தீர்வு ஆகாதும்மா. அது தனிப்பட்ட ஏற்பாடு. பிரச்சினையின் மூலத்தை—"

"மூலத்தை நீங்க நிதானமாப் பாருங்க அய்யா, யாரு வேண்டாங்கறா? அதுவரைக்கும் அவரு உசிரோட இருக்கணும்ல?"

நாங்கள் மனு எழுதினோம், ஆர்ப்பாட்டம் செய்தோம், வார்த்தைக்கு வார்த்தை விவாதித்துத் தீர்மானம் போட்டோம். அவனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடுத்தூரத்தில் நிலம் கிடந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதை நாங்கள் கோரிக்கையில் எழுதுகிற தூரமாகத்தான் பார்த்தோமே தவிர, ஒருவன் கட்டில் போட்டுப் படுக்கக்கூடிய தரையாகப் பார்க்கவில்லை. அவளுக்கு அதில் லாபம் இருந்தது, தன் வாசலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னாள், அதை நான் மறைக்கவில்லை. வலிக்கிற காலோடு அவள் வாசலில் படுத்து, தூங்கிப்போனேன்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் கார் நின்றது. அழகான கார்தான். வெளித்தெரு முழுக்க வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது. விக்ராந்த் திரையில் பார்ப்பதை விடச் சின்னப் பையனாக இருந்தான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் கேமரா, குடை, அட்டைகள்.

"சார், சிம்பிள். நான் வண்டியில ஏறுவேன், நீங்க கொடி ஆட்டுங்க. அதுக்கு முன்னாடி உங்க கருத்து ஒரு வரி, பாசிட்டிவா."

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தான். ஐம்பது வருஷம் மைக் பிடித்த கை என்னுடையது. அந்தக் கையில் கொடி இருந்தது, சட்டைப் பையில் தீர்மானம் இருந்தது. அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், வேப்பிலைத் தோரணத்தின் கீழே கோட்டையம்மா புருஷனைத் துணி மாற்றி உட்கார வைத்திருப்பாள்.

"தம்பி, வண்டி நல்லா இருக்கு" என்றேன். "நீங்களும் நல்லா ஓட்டுறீக. ஆனா அந்த நாற்பது கிலோமீட்டர் இருக்கு. நேத்து விடியல்ல கிளம்பி அதுலதான் நடந்து வந்தேன். எங்கயும் ஓர் அடிகூடக் குறையலை. உங்களுக்குத் தெரியலைங்கிறதுக்காக ஒண்ணு இல்லாமப் போகக்கூடாது. அதுல ஆளு குடியிருக்கு. இதுதான் என் கருத்து."

"சார்... கொடி?"

கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் தெருவில் உட்கார்ந்தேன். முட்டி சொன்னபடி கேட்காமல், விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறியல் என்றால் கோஷம் வேண்டும். ஒன்றும் வரவில்லை. என்னவோ களைப்பாக இருந்தது. மாரிக்கனியும் அவள் தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு குடிசையாக எழுந்து வந்து உட்கார்ந்தது. விக்ராந்த் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கண்ணில் போட்டுக்கொண்டான். "இது ஏர் ஆகாதுண்ணா, பேக்கப்" என்று யாரிடமோ சொன்னான். அடுத்த வாரம் அவர்கள் ஒரு கடற்கரையில் வேறு காரை ஓட்டினார்கள். கடலைப் பற்றி அவன் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று நடுத்தூரத்தில் எல்லோரும் பயந்துகொண்டே பார்த்தார்கள்.

குடிசைக்குக் குடிசை தங்கித் தங்கி நாலு நாளில் நடந்து திரும்பியபோது உள்தெருவில் என்னைக் கருங்காலி என்றார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தவர்களைப் பார்த்து என் வாயால் எத்தனையோ தரம் எறிந்த சொல் அது. மேலே விழும்போது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. சங்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். நீக்குகிற தீர்மானத்தில் இரண்டு பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்தேன். மாரிக்கனி சொன்னதைக் கேட்டுக்கொண்ட கோட்டையம்மா மட்டும் என்னிடம், "அந்தக் குடிசைக்குக் கதவு இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "எப்பப் போகணும்?" என்றாள்.

சூளைக்காரர்கள் வந்து இருளப்பனைக் கட்டிலோடு தூக்கினார்கள். வண்டியில் ஏற்றினால்தான் அவனுக்கு ஆகாது. தோளில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடிசைக்குக் குடிசை ஆள் மாறி, கட்டில் ஆடாமல், செங்கல் அடுக்கின பலகையைத் தூக்குகிற நிதானத்தில் கொண்டுபோனார்கள். நானும் கொஞ்ச தூரம் கூடவே போனேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏ நாயகம்."

"சொல்லு."

"எனக்காகக் கார் விடணும்னு ஒரு தீர்மானம் போட்டீக. எனக்காகவே அதை நிறுத்தின. இப்ப எனக்காக வீடு மாத்துதீக. இதுல ஒண்ணையாச்சும் எங்கிட்டக் கேட்டியாடா?"

"கேட்டா எதிர்த்துப் பேசுவே."

"பின்ன? அதுக்குத்தானடா நான் இருக்கேன்."

அதற்குமேல் என்னால் நடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்துக் குடிசைகள் சிலதைத் தாண்டினதும் நின்றுவிட்டேன். கட்டில் போய்க்கொண்டே இருந்தது, சிறுத்துச் சிறுத்து, கானலில் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு இல்லை.

இப்போது அவன் மாவு மில் ஓரத்தில் இருக்கிறான், நான் மில் கதவு ஓரத்தில் இருக்கிறேன். ஒரே தெரு. வாரத்துக்கு இரண்டு தரம் அவன் தானே எழுந்து பஸ்ஸுக்குப் போகிறானாம். என் கால் இனிமேல் அந்தத் தூரத்தைத் தாங்காது, கருங்காலியை ஏற்றிக்கொள்ள உள்தெருவில் வண்டியும் கிடையாது, அவன் உடம்பும் அந்தத் தூரத்தைத் தாங்காது. ஆகவே இனி நாங்கள் பார்த்துக்கொள்ளப் போவதில்லை, அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. படிப்பகத்தில் என்னைச் சேர்ப்பதில்லை. காலையில் இந்தக் கோடியின் முதல் குடிசைக்குப் போய், பேப்பரில் படித்ததைப் பற்றி என் கருத்தை அங்கே இருக்கிற பெண்ணிடம் சொல்கிறேன். அவள் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் அடுத்த குடிசைக்குச் சொல்கிறாள், அங்கிருந்து ஆடு மேய்ப்பவன் இன்னொரு வாசலுக்குச் சொல்கிறான், அப்படியே வாய்க்கு வாய் மாறி, அடுப்புப் புகையிலும் பிள்ளை அழுகையிலும் கொஞ்சம் உதிர்ந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, அது அந்தக் கோடிக்குப் போய்ச் சேருகிறது. என்ன உருவத்தில் போய்ச் சேருகிறது என்று எனக்குத் தெரியாது. அவன் பதில் அதே வழியில் வருகிறது.

முந்தாநாள் பட்ஜெட்டைப் பற்றி நீளமாக ஒன்று சொல்லி அனுப்பினேன். நேற்று முழுவதும் பதில் இல்லை. இன்று காலையும் இல்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்தபோது அந்தப் பெண் குடத்தோடு வந்தாள், நின்று மூச்சு வாங்கினாள்.

"அந்தக் கோடி அய்யா சொல்லிவிட்டாக."

"என்னன்னு?"

"நீங்க சொன்னது மொத்தமும் தப்பாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. தப்பு, அம்புட்டுத்தான்."

நான் எழுந்து உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.